முதல் அடி விழுந்த பிறகு நாம் செய்கிற தவறுகள்

என் முதல் வேலை எட்டே மாதத்தில் போய்விட்டது. ப்ரொபேஷன் முடிகிற வாரம் மேலாளரிடமிருந்து என் சொந்த மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. 'உங்கள் பணியை உறுதி செய்ய இயலவில்லை' என்ற முதல் வரியைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டேன், மீதியைப் படிக்கவே இல்லை. மூன்று வருடம் கழித்து ஏதோ ஒரு சான்றிதழைத் தேடும்போது அதே மெயில் கண்ணில் பட்டது. நான்காவது வரியில் இப்படி இருந்தது: 'வேலையில் பிழை இல்லை, ஆனால் தாமதமாகும் என்பது எங்களுக்குக் கடைசி நாளில்தான் தெரியவருகிறது.' அந்த மூன்று வருடமும் எனக்குத் திறமை போதவில்லை என்று நினைத்து, சம்பளத்தில் பாதியைப் பயிற்சி வகுப்புகளுக்குக் கொட்டிக்கொண்டிருந்தேன். 'இது வெள்ளிக்கிழமைக்குள் முடியாது, இன்னும் இரண்டு நாள் வேண்டும்' என்று புதன்கிழமையே ஒரு வரி அனுப்பப் பழகியிருந்தால் போதும்.

அதனால் நான் முதலில் சொல்வது இந்தத் தவறைத்தான்: அடி ஏன் விழுந்தது என்று பார்க்காமலே அந்த இடத்தை விட்டு ஓடிவிடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது, மனசு அப்படித்தான் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர், அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள். சிலருக்கு 'நீங்கள் சொன்னது சரி' என்பதை மட்டும் சொன்னார்கள், சிலருக்கு 'நீங்கள் சொன்னது தவறு' என்பதை மட்டும் சொன்னார்கள். இரண்டில் ஒன்று தவறு என்றால் மற்றது சரி, ஆக இரண்டு தரப்புக்கும் கிடைத்த தகவல் ஒன்றுதான். ஆனாலும் 'தவறு' என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றுக்கொண்டார்கள். அதே தவறை வேறொருவர் செய்வதைப் பார்த்தபோது மட்டும் பாடம் ஒழுங்காக மனதில் ஏறியது.

இதைவைத்து ஒன்று செய்யலாம். நிராகரிப்புக் கடிதத்தையோ மதிப்பெண் பட்டியலையோ வந்த அன்றைக்கே அலச வேண்டாம். இரண்டு வாரம் போகட்டும். அப்புறம் அது உங்கள் நண்பருக்கு வந்தது என்று வைத்துக்கொண்டு படியுங்கள், அவருக்கு என்ன சொல்வீர்களோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். காரணமே சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்றால் கேளுங்கள். ஆனால் 'என்னை ஏன் எடுக்கவில்லை' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தன் முடிவை நியாயப்படுத்தத்தான் பார்ப்பார். 'இதே வேலையை நான் மறுபடி செய்வதானால் எந்த ஒரு விஷயத்தை மாற்றச் சொல்வீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரும் பதில் போட மாட்டார்கள், போடுகிறவர்கள் உருப்படியாகவே சொல்வார்கள்.

அடுத்த தவறு, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் இந்தப் பக்கம் இருக்கும் நம்மையும் இரண்டு வேறு ஜாதி மனிதர்களாக நினைத்துவிடுவது. கட் ஆஃப் என்பது இடங்களின் எண்ணிக்கையை வைத்துப் போடுகிற கோடு, அதை ஒட்டி மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் 1990 முதல் 2005 வரை ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பித்த இளம் விஞ்ஞானிகளில், மயிரிழையில் தவறவிட்டவர்களையும் மயிரிழையில் வாங்கியவர்களையும் யாங் வாங், பெஞ்சமின் ஜோன்ஸ், டாஷுன் வாங் மூவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019ல் அந்த ஆய்வு வெளிவந்தது. நிதி கிடைக்காமல் போயும் தொடர்ந்து நின்றவர்கள், அடுத்த பத்து வருடத்தில் நிதி வாங்கியவர்களைவிட அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகளை எழுதியிருந்தார்கள். பலவீனமானவர்கள் விலகிப்போனதால் மட்டும் சராசரி உயர்ந்ததா என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், அதை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை.

இந்த ஆய்வைப் பற்றிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொண்டு 'தோல்வி நல்லது' என்று முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அதே ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது: தவறவிட்டவர்களில் அந்த நிதி முறையை விட்டே காணாமல் போனவர்களின் விகிதம், வாங்கியவர்களைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் அதிகம். கிட்டத்தட்ட அதே மதிப்பெண், அதே திறமை, ஆனால் ஆளைக் காணோம். ஒரு கதவு சாத்தினால் உண்மையிலேயே ஆட்கள் போய்விடுகிறார்கள். 'விழுந்தால் தானாக எழுந்துவிடுவாய்' என்று ஒருவருக்குச் சொல்லும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பதற்றத்தில் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஒரே ரெஸ்யூமேயை ஒரே வாரத்தில் நூறு இடத்துக்குத் தட்டிவிடுவது. பதில் வராத நூறு மெயில்கள் நூறு புதிய நிராகரிப்பாக மனதில் தங்கும், வேறு பலன் இல்லை.

இதைவிடப் பெரியது மறைப்பது. வேலை போனதை நான்கு மாதம் வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம், புரிகிறது. ஆனால் வேலை பற்றிய செய்தி பெரும்பாலும் அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமிருந்துதான் வருகிறது: கூடப் படித்தவர், பழைய டீமில் பக்கத்து மேசையில் இருந்தவர், ஒரு பயிற்சியில் பார்த்தவர். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது அநேகமாக நமக்கும் தெரிந்திருக்கும். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடி பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2022ல் வந்தபோது, வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது இந்த மாதிரி ஓரளவு தூரத்து அறிமுகங்கள்தான் என்று தெரிந்தது. அவர்களுக்கு எழுதுவது கஷ்டமில்லை. 'போன மாதம் என் வேலை முடிந்தது, இப்போது இந்த மாதிரி வேலை தேடுகிறேன், உங்கள் இடத்தில் இது எப்படி நடக்கிறது என்று பதினைந்து நிமிடம் பேச முடியுமா?' என்று கேளுங்கள். வேலை கொடுங்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சங்கடம், பேச நேரம் கேட்டால் பலரும் சந்தோஷமாகப் பேசுவார்கள்.

மறைத்து வைக்கிற கோபம் இன்டர்வியூவில் வெளியே வரும். வேலை இழந்த 63 பேரை வைத்து 1994ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேலை போனதைப் பற்றிய தங்கள் மனவேதனையை ஐந்து நாள், தினமும் இருபது நிமிடம் எழுதியவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தேடவும் இல்லை. என்னைக் கேட்டால், எழுதித் தீர்த்தவர்கள் எதிரில் உட்கார்ந்து பழைய மேலாளரைத் திட்டியிருக்க மாட்டார்கள். 'ஏன் அங்கிருந்து வந்தீர்கள்' என்ற கேள்விக்கு மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, அதில் என் பங்கு என்ன, அதற்குப் பிறகு எதை மாற்றினேன். நான்காவது வாக்கியம் வந்தாலே அது புகாராகவோ மன்னிப்பாகவோ மாறிவிடுகிறது.

கிடைத்த சின்ன வேலையிலேயே பயந்து ஒட்டிக்கொண்டிருப்பதும் தவறுதான், அதிகம் பேர் இதைக் கவனிப்பதில்லை. பொருளாதார மந்தத்தில் படிப்பை முடித்த கனடா பட்டதாரிகளைப் பற்றி 2012ல் வெளிவந்த ஆய்வில், அவர்களின் தொடக்கச் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து வருடத்தில் அது பாதியானது, பத்து வருடத்தில் மறைந்தது. மீண்டவர்கள் மீண்ட வழி, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல நிறுவனங்களுக்கு மாறியதுதான். இருந்த இடத்திலேயே காத்திருந்தால் அந்த இடைவெளி அவ்வளவு எளிதாக மூடாது. ஆகவே எந்த வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை, ஆனால் வெளியே பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

விடாமுயற்சியையும் நாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம், அதே கதவை அதே மாதிரி தட்டுவது என்று. உயிர்வேதியியல் விஞ்ஞானி கட்டலின் கரிக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைத் தயாரிக்க வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி கிடைக்காமல் 1995ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவியைக் குறைத்தார்கள், அப்போது அவருக்கு நாற்பது வயது. குறிக்கோளை விடவில்லை, ஆனால் பின்னாளில் கேள்வியை மாற்றினார். நோயெதிர்ப்பு ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனும் அவரும் சேர்ந்து வேலை செய்தபோது, ஆய்வகத்தில் தயாரித்த எம்ஆர்என்ஏ உடலில் அழற்சியைக் கிளப்புகிறது, செல்லில் இருக்கும் இன்னொரு வகை ஆர்என்ஏவான டிஆர்என்ஏ கிளப்புவதில்லை, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தார்கள். டிஆர்என்ஏயில் சில எழுத்துகள், அதாவது அதன் அடிப்படை அலகுகள், வேதியியல் முறையில் மாறியிருந்தன. அந்த மாற்றத்தை எம்ஆர்என்ஏயிலும் செய்தால் அழற்சி அடங்குகிறது என்று 2005ல் எழுதினார்கள். 2023ல் இருவருக்கும் நோபல் பரிசு. நீங்கள் மூன்றாவது முறை அதே தேர்வை எழுதப் போகிறீர்கள் என்றால், இந்த முறை எது வேறு என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா?

சொல்ல முடியவில்லை என்றால் வழி மாறுவதில் எந்த அவமானமும் இல்லை. அதை மனம் நொந்துபோன ஒரு ராத்திரியில் முடிவு செய்யாமல், கையில் இருக்கிற பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று பார்த்து இப்போதே ஒரு தேதி குறியுங்கள். அந்தத் தேதிக்குள் எது நடந்தால் தொடர்வீர்கள், எது நடக்காவிட்டால் விடுவீர்கள் என்று எழுதி, உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடிய ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து வையுங்கள்.