"பார்த்துட்டு வர்றோம்" குறைந்த விதம்

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் விரித்த புடவைகள் குவிந்து கிடக்கும், வந்தவர்கள் "பார்த்துட்டு வர்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள். இப்போது அலமாரியில் கை வைக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: யாருக்கு, என்ன விசேஷம், எவ்வளவுக்குள் பார்க்கலாம்? அப்புறம் நாலைந்து புடவைதான் எடுத்துப் போடுவேன்.

அசல் பட்டா என்ற சந்தேகம்தான் வியாபாரத்தைக் கெடுக்கிறது. அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் அட்டையைக் காட்டுவேன். முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவி, அவர்கள் கண்ணெதிரேயே கொளுத்துவேன். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா இல்லையா என்பதையும் நானே சொல்லிவிடுவேன்.

கல்யாணம் முடிந்ததும் ஒரு போன்: புடவை எப்படி இருந்தது, மடிப்பை மாற்றி வைத்தீர்களா? அந்த வீட்டு வளைகாப்புக்கும் நம்ம கடைக்குத்தான் வருகிறார்கள்.