‘நெகட்டிவ் ஆளு’ லிஸ்ட் போடுவதற்கு முன்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்கள் பலர் ஒருநாள் திடீரென்று முடிவெடுப்பார்கள்: இனி நெகட்டிவ் ஆட்களோடு பேச்சே கிடையாது. அன்றிரவே மூன்று வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பிஜி அறையில் தனியாக ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பழைய கூட்டம் போயிற்று, புதுக் கூட்டம் வரவில்லை.

தவறு, எதை முதலில் செய்வது என்ற வரிசையில் இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் 2009-இலிருந்து சிலையாக உட்கார்ந்திருக்கும் வள்ளுவரின் குறளில் பெரியாரைத் துணைக்கோடல் 45-ஆம் அதிகாரம், சிற்றினம் சேராமை 46. முதலில் நல்ல துணை, அப்புறம்தான் விலகல். ஆகவே குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம், மியூட் போதும். வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்று மணி நேரம் உட்காருகிற இடத்தில் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். மிச்சப்படும் இரண்டு மணி நேரம்தான் உங்கள் முதலீடு.

அதை எங்கே போடுவது என்பதில் அடுத்த தவறு. ஒரு நிகழ்ச்சிக்குப் போய், யாரும் பேசவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஆபீஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேராது. வாரம் இரண்டு மணி நேரம் என்றால் முதல் 50-க்கே அரை வருஷம் ஆகும். அதனால் கூட்டத்தைவிட தூரத்தை முதலில் பாருங்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்துகொண்டு வாராவாரம் அல்சூர் தமிழ்ச் சங்கத்துக்குப் போவேன் என்று கிளம்புகிறவர், மூன்றாவது வாரம் சில்க் போர்டு சிக்னலில் மனம் மாறிவிடுவார். ஒயிட்ஃபீல்டுக்காரருக்கு அது ஒத்துவரும். மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் ஹலசூர் (அல்சூர்தான்) ஸ்டேஷனில் இறங்கலாம். மற்றவர்களுக்குத் தெருமுனை ஷட்டில் கோர்ட்டோ பக்கத்து ஏரியாவில் ஒரு கன்னட வகுப்போ மேல். கன்னட வகுப்பில் உபரி லாபமும் உண்டு: “இந்த ஊரே இப்படித்தான்” என்ற புலம்பல் பாதி குறைந்துவிடும்.

புலம்பலை நெருக்கம் என்று நினைத்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே நுட்பமான தவறு. நாலு மணி டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் சரியில்லை, அப்ரைசல் கண்துடைப்பு, வீட்டு ஓனர் பெயிண்டிங் என்று சொல்லி அட்வான்ஸில் பிடித்துவிட்டார். பேசப் பேச நட்பு இறுகுகிறது. அது பொய்யில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் அமாண்டா ரோஸ் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிச் சேர்ந்து ஒரே பிரச்சினையைக் கிளறுகிறவர்களிடம் நட்பின் நெருக்கமும் அதிகம், மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்றது. அதே குறை புதுத் தகவல் எதுவும் இல்லாமல் மூன்றாவது தடவை வந்தால், “சரி, இந்த வாரம் இதுல என்ன பண்ணலாம்?” என்று கேளுங்கள். அட்வான்ஸ் விஷயமென்றால் அக்ரிமென்ட்டில் பெயிண்டிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேரும் படித்துப் பார்க்கலாம். சிலர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் உடனே வேறு குறைக்குத் தாவுவார்கள். யாரோடு நேரத்தைக் குறைப்பது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் வேலை போனவரையும் அப்பாவை இழந்தவரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் பேசுவது துக்கம், அதற்கு நெகட்டிவ் என்று பெயர் வைப்பது அநியாயம். தூக்கம், சாப்பாடு, வேலையில் பிடிப்பு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

சரி, பாசிட்டிவாக இருக்க வேண்டும் என்று கண்ணை மூடி வெற்றியைக் கற்பனை செய்வது? குறைவாகச் செய்யுங்கள். எடை குறைக்க வந்த பெண்களிடம் உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கன் பார்த்தது இது, 1991-இல் வெளியானது: குறையும் என்று நம்பியவர்களுக்கு அதிகம் குறைந்தது, ஒல்லியாகிவிட்டதாக இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது. கனவோடு, குறுக்கே நிற்கும் ஒரு தடையையும் அதற்கு என்ன செய்வீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

கடைசியாக, எல்லோரும் நல்ல கூட்டம் தேடுகிறார்கள், தாங்கள் எப்படிப்பட்ட கூட்டம் என்று பார்ப்பதில்லை. “ஆன்சைட் கிடைச்சிருக்குடா” என்று ஒருவன் சொன்னால் நம் வாயில் வருவது என்ன? “ட்ரீட் எப்ப மச்சி?” இல்லாவிட்டால், “அங்க குளிர் தாங்க மாட்டியே.” இரண்டிலும் அவன் சந்தோஷம் அங்கேயே முடிந்துவிடுகிறது. நல்ல செய்தியை எதிராளி எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பது உறவை எவ்வளவு தாங்குகிறது என்பதை ஷெல்லி கேபிள் போன்ற ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: “யாருடா முதல்ல சொன்னாங்க?” “வீட்ல சொன்னியா, அம்மா என்ன சொன்னாங்க?” ட்ரீட்டை மூன்றாவதாகக் கேட்டுக்கொள்ளலாம்.