முதல் 200 மீட்டரில் செய்த தவறு

கல்லூரி முதலாண்டில் 400 மீட்டர் ஓடினேன். துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்துவிடுவேன். முதல் பாதி 24 விநாடி. கடைசி 100 மீட்டரில் தொடை கல்லாகிவிடும், தோள் காதுவரை ஏறும், பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவார்கள். மொத்தம் 55.

உடம்பில் வலு போதவில்லை என்று நினைத்து விடியற்காலையில் கூடுதலாக ஓடினேன். புது ஸ்பைக் ஷூ வேறு வாங்கினேன் (அப்பாவுக்கு இன்றுவரை விலை தெரியாது). பலனில்லை.

பயிற்சியாளர் ஸ்டாப்வாட்சைக் காட்டினார். "தம்பி, இரண்டாம் பாதி 31. உனக்குக் கால் குறையில்லை, அவசரம்தான் குறை."

100 மீட்டருக்கு ஒரு கொடி நட்டு, 12.5 விநாடிக்கு ஒரு முறை விசில் ஊதினார். விசிலுக்கு முன்பே கொடியைத் தாண்டினால் அந்த ஓட்டம் செல்லாது. மெதுவாகப் போவது இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆறு வாரத்தில் 25, 28, மொத்தம் 53. போட்டியில் நான்காமிடம், பதக்கமில்லை.

அரியர் விழுந்த கணிதத் தாளிலும் இதே கதைதான்: முதல் பெரிய வினாவுக்கே ஒரு மணி நேரம் எழுதியிருந்தேன். அடுத்த முறை வினாத்தாள் ஓரத்தில் ஒவ்வொரு வினாவுக்கும் நேரம் குறித்துக்கொண்டேன். 61 மதிப்பெண்.