நாஸ் பெட்டியை டிரைவாக இணைப்பவர்கள் விடும் பிழைகள்

மட்டக்களப்பு டவுனிலும் கல்முனைப் பக்கமும் ஸ்டூடியோ, கணக்கு அலுவலகம், டியூஷன் நிலையம் என்று பல இடங்களில் இப்போது ஒரு நாஸ் பெட்டி, அதாவது எல்லாக் கணினிகளும் நெட்வொர்க் வழியாகப் பொதுவாகப் பாவிக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி, மூலையில் மினுங்கிக்கொண்டிருக்கிறது. அதை 'மேப் நெட்வொர்க் டிரைவ்' போட்டு இசட் என்று கணினியில் இணைப்பது சின்ன வேலைதான். புதிதாக வரும் தம்பிமார் அதைச் சட்டென்று பழகிவிடுகிறார்கள். கூடவே, நாங்கள் பழகிய காலத்தில் விட்ட பிழைகளையும் ஒன்று மிச்சமில்லாமல் விடுகிறார்கள். பாஸ்வேர்டைப் பிழையாக அடிப்பது, கேபிளைச் செருக மறப்பது எல்லாம் இங்கே வேண்டாம்; அவை அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஐ.பி. முகவரியை அப்படியே விடுவது

கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்பும்போது, நெட்வொர்க்கில் பெட்டியின் விலாசமான ஐ.பி. எண் மாறிப்போகலாம். பழைய எண்ணில் இணைத்த டிரைவின் மேல் சிவப்புப் புள்ளடி விழும். ரவுட்டருக்குள் போய் அந்தப் பெட்டிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வையுங்கள். மாரி காலத்தில் இதன் அருமை தெரியும்.

இசட்டைப் பிரதி என்று நினைப்பது

இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது.

'திஸ் பிசி'யைத் திறந்தால் சி, டி, இசட் எல்லாம் ஒரே வரிசையில் ஒரே மாதிரித் தெரியும். அதனால் இசட்டும் இந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது, பெட்டியில் இன்னொன்று பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். கிடையாது. இரண்டு வளவுக்கும் நடுவே ஒரே கிணறு. யார் பக்கமிருந்து இறைத்தாலும் அதே தண்ணீர்தான்.

கல்முனையில் ஒரு ஸ்டூடியோ. எடிட்டிங் கணினியின் சி டிரைவ் நிரம்பிவிட்டது. இடம் எடுக்க வேண்டுமென்று அங்கிருந்த பையன் இசட்டில் பெரிய போல்டராகப் பார்த்து அழித்திருக்கிறான். அது ஒரு சாமத்திய வீட்டின் முழுப் படங்களும். 'நிரந்தரமாக அழிக்கவா' என்று விண்டோஸ் கேட்டது, இவன் ஆம் என்றான். அழித்த பிறகும் சி டிரைவின் பட்டை சிவப்பாகவே இருந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம், அடுத்த போல்டரையும் அழித்தான். நான் போனபோது, "அண்ணன், நான் என்ட கொம்பியூட்டர்ல இருந்ததத்தானே அழிச்சன்" என்றான். அவனைத் திட்டவும் முடியவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நெட்வொர்க் டிரைவில் அழித்தது கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது. பெட்டிக்குள் தனியாக ஒரு ரீசைக்கிள் பின் வசதி இருக்கும்; அந்த ஸ்டூடியோவில் அதை யாரும் போட்டு வைக்கவில்லை. கேமரா கார்டுகளை அடுத்த கல்யாண வீட்டுக்காக ஏற்கனவே போர்மட் பண்ணியாயிற்று. முதலாளி மட்டும் தைரியமாக இருந்தார், "ரெண்டு ஹார்ட் டிஸ்க் போட்டிருக்கு, ரெய்டு 1" என்று. ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே கோப்புகளை எழுதுவது; ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்தக் கணமே அழியும். கடைசியில் படம் தெரிவு செய்வதற்காக வீட்டாருக்குக் கொடுத்த பென் டிரைவில் இருந்த சின்ன அளவுப் படங்கள்தான் மிஞ்சின. அதை வைத்து ஆல்பம் அடித்த கதையை வேறு கேட்காதீர்கள்.

இதே பிழைக்கு இன்னொரு முகமும் உண்டு. இசட் இனி வேண்டாம் என்று உள்ளே இருப்பதை எல்லாம் தெரிவு செய்து அழிப்பவர்கள் இருக்கிறார்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் பண்ணி 'டிஸ்கனெக்ட்' கொடுத்தால் போதும், பெட்டியில் ஒன்றும் அசையாது.

ஆகவே இணைக்கிற அன்றே பெட்டியில் ரீசைக்கிள் பின்னைப் போடுங்கள். கோப்புகள் முன்பு இருந்த நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். முடிந்த வேலைகள் கிடக்கும் போல்டருக்குப் பையன்மாரின் கணக்கில் வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். டிரைவின் பெயரையும் மாற்றலாம்: 'பொதுப் பெட்டி, அழிக்காதே'. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

எல்லாருக்கும் அட்மின் கணக்கு

ஒரு கணினியில் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், புகுந்தால் இசட்டில் அந்தக் கணக்கால் எழுத முடிந்த அத்தனையையும் பூட்டிவிடும். அட்மின் கணக்கென்றால் பெட்டி முழுக்கப் போயிற்று. ஆளுக்கொரு கணக்கு போடுங்கள்.

எஸ்.எம்.பி. 1

விண்டோஸும் பெட்டியும் கோப்புகளைப் பகிரப் பேசும் முறைதான் எஸ்.எம்.பி.; 1 அதன் பழைய பதிப்பு. பழைய பெட்டி இணையவில்லை என்று விண்டோஸில் இதைத் திறந்துவிடுகிறார்கள். 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வன்னாகிரை என்ற ரான்சம்வேர் இதிலிருந்த ஓட்டையால்தான் பரவியது. பெட்டியில் எஸ்.எம்.பி. 2 அல்லது 3 இல்லையென்றால் பெட்டியை மாற்றுங்கள்.

அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்பு, லைட்ரூம் கட்டலொக்

முதலாவது அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைக்கும் கோப்பு, மற்றது லைட்ரூம் படங்களின் விவரப் பட்டியலை வைக்கும் கோப்பு. இரண்டையும் இசட்டில் வைக்காதீர்கள்.

வைஃபையில் வீடியோ எடிட்டிங்

வயர் இழுங்கள். சுவிட்சையும் பாருங்கள்: 100 மெகாபிட் என்றால் செக்கனுக்கு 12 மெகாபைட்டைத் தாண்டாது, கிகாபிட் என்றால் 110 அளவில் வரும்.