மொத சீசன் டிரையத்லான், எப்படி ஆரம்பிக்கறது?

டிரையத்லான்னா நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா முடிக்கற ரேஸ். மொத சீசனுக்கு ஸ்பிரின்ட்ங்கற சின்ன தூரமே போதும்ங்க, 750 மீட்டர் நீச்சல், 20 கிமீ சைக்கிள், 5 கிமீ ஓட்டம், அயர்ன்மேன் மாதிரி ரொம்ப நீளமான ரேஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நம்மாளுங்க மாட்டிக்கறது தண்ணிலதான், அதனால வாரத்துல மூணு நாள் நீச்சலுக்கு ஒதுக்குங்க, வேகத்த விட்டுட்டு மூச்ச பழகுங்க, மூஞ்சி தண்ணிக்குள்ள இருக்கும்போதே மூச்ச விட்டுரணும், தலைய திருப்பினா இழுக்க மட்டும்தான் நேரம் இருக்கும். நீச்சல் குளத்துல தரையில கோடு தெரியும், கடல்ல ஒண்ணும் தெரியாது, ஆறேழு கைவீச்சுக்கு ஒருக்கா கண்ண மட்டும் மேல தூக்கி, வழி காட்டற மிதவை எங்கன்னு பாருங்க. தனியா மட்டும் கடல்ல இறங்காதீங்க!

காஸ்ட்லி சைக்கிள் வேணாம், பிரேக்கும் டயரும் நல்லா இருந்தா போதும். வாரம் ஒருநாள் சைக்கிள்ல இருந்து இறங்கின கையோட 10 நிமிஷம் ஓடுங்க, கால் மரக்கட்டை மாதிரி இருக்கும், பழகிரும்.

ரேஸ் அன்னிக்கு ஹெல்மெட் பக்கிள போட்டப்புறம்தான் சைக்கிள ஸ்டாண்டுல இருந்து எடுக்கணும், இல்லன்னா பெனால்டி. புது ஷூ, புது எனர்ஜி ஜெல் (ரேஸ்ல தெம்புக்கு சாப்பிடறது) எதையும் அன்னிக்கு ட்ரை பண்ணாதீங்க. ஷூக்குள்ள கொஞ்சம் பவுடர் தூவி வச்சா ஈரக்கால் சட்டுனு நுழையும்.