கம்பளி விரிப்பு வாங்கும்போது முதலில் திருப்பிப் பாருங்கள்

கடையில் விரிப்பை விரித்துக் காட்டியதும் எல்லோரும் நிறத்தைப் பார்ப்பார்கள். நான் மூலையைப் பிடித்துத் திருப்பிவிடுவேன். நான் சொல்வது தட்டை நெசவு விரிப்பைப் பற்றி. அதில் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடும் (குறுக்கு நூல்) மட்டும்தான். மேலே நிமிர்ந்து நிற்கும் இழை கிடையாது. ஊடு நூலைப் பாவுக்கு மேலும் கீழுமாகக் கோத்து நெய்யும் கிலிம் வகை என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஊடு நூலைப் பாவில் சுற்றிச் சுற்றி நெய்யும் சுமாக் வகையில் பின்பக்கம் நூல் முனைகள் தொங்கும், அது குறை இல்லை. ஆனால் அடியில் துணியோ ரப்பரோ ஒட்டியிருந்தால் எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து குஞ்சம். கைநெசவில் பாவு நூல்தான் வெளியே நீண்டு குஞ்சமாகிறது. தனியாகத் தைத்திருந்தால் பெரும்பாலும் அது இயந்திர நெசவு.

அப்புறம் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கிலிமில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் நெடுக்காகச் சின்னக் கீறல்கள் தெரியும். ஒவ்வொரு நிற ஊடும் தன் எல்லை வரை போய்த் திரும்பிவிடுவதால் வருகிற இடைவெளி அது, கிழிசல் இல்லை. வீட்டுக்கு அது அழகுதான். ஹோட்டல் வரவேற்பறைக்கும் அலுவலகத்துக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்காலிக் காலும் செருப்புக் குதியும் அந்த இடைவெளியில் மாட்டி இழுக்கும். அங்கே நிறங்கள் ஒன்றோடொன்று கோத்து நெய்த விரிப்பு வேண்டும். காலில் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலிக்கு அடியில் எந்தத் தட்டை நெசவையும் போடாதீர்கள்.

கம்பளிதானா என்று சோதிக்கக் கடைக்காரரிடம் ஓர் ஊடு நூல் கேளுங்கள். குஞ்சத்திலிருந்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் பாவு பல விரிப்புகளில் பருத்தி. உலோகத் தட்டில் வைத்துக் கொளுத்தினால் கம்பளி முடி கருகும் வாசனையோடு சுருளும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகிவிடும். சாயத்துக்கு, ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பிலும் கருநீலத்திலும் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, சாப்பாட்டு மேசைக்கு நான்கு பக்கமும் 60 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். நாற்காலியைப் பின்னால் இழுத்தாலும் கால் விரிப்பிலேயே நிற்கும். தட்டை நெசவு லேசானது, வழுக்கும். அதனால் அடியில் பிடிப்பான அடிவிரிப்பு கட்டாயம்.

வேக்குவம் கிளீனரில் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, உறிஞ்சலை மட்டும் பயன்படுத்துங்கள். குஞ்சத்தின் மேல் ஓட்டவே கூடாது. ஏதாவது கொட்டினால் உடனே துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வெந்நீரில் கம்பளி சுருங்கிக் கட்டிப்படும். குளோரின் பிளீச் இழையையே கரைத்துவிடும்.

பூச்சி விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. ஆள் நடமாடும் இடத்தை விட்டுவிட்டு, சோபாவுக்கு அடியில் இருட்டாகக் கிடக்கும் பகுதியில்தான் அது குடியேறும். சோபாவை நகர்த்தி அந்த இடத்தை அடிக்கடி இருபக்கமும் சுத்தம் செய்யுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரிப்பையும் திசை மாற்றிப் போடுங்கள். எடுத்து வைப்பதானால் அழுக்குப் போக்கி, நன்றாக உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.