வீட்டு எண்ணெய் டேங்க்கை அகற்றும்போது செலவை ஏற்றிவிடும் தவறுகள்

வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைச் சேமித்து வைத்த பழைய டேங்க்கை எடுக்க மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, யார் தொகை குறைவோ அவருக்கே வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள் பலர். செலவு கைமீறிப் போவது இங்கேதான் தொடங்குகிறது. தோண்டித் தூக்குவது வேலையில் ஒரு பகுதிதான். அடியில் தங்கிய எண்ணெயையும் கசடையும் உறிஞ்சி எடுப்பது, டேங்க்கைக் கழுவுவது, கழிவை முறையாக அப்புறப்படுத்துவது, அனுமதிக் கட்டணம், மண் பரிசோதனை, குழியை மூடிக் கெட்டிப்படுத்துவது என எல்லாம் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் விட்டது பின்னால் 'எக்ஸ்ட்ரா' என்று பில்லில் ஏறும்.

பூமிக்கடியில் புதைத்த டேங்க் என்றால் மண்தான் முக்கியம். உள்ளே குளிர்ந்து படியும் நீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியிலேயே தேங்கும்; இரும்பு உள்பக்கமிருந்து அரிக்கும். ஊசித் துளை வழியாக வருடக்கணக்கில் கசிந்தாலும் மேலே ஒன்றும் தெரியாது. கசிவு பரவியிருந்தால், டேங்க்கை எடுக்கும் செலவைப் போலப் பல மடங்கு மண்ணைச் சுத்தம் செய்யவே ஆகும். ஆகவே தோண்டும் முன்பே மண்ணைச் சோதியுங்கள். எண்ணெய் கலந்த மண் வந்தால் டன்னுக்கு என்ன கட்டணம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வீட்டுக் காப்பீட்டையும் அப்போதே படித்துவிடுவது நல்லது. பல பாலிசிகளில் எண்ணெய்க் கசிவுக்கு இழப்பீடு கிடையாது.

'காலி டேங்க்தானே, நாமே வெட்டிவிடலாம்' என்ற எண்ணம் உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பிடிக்கும். டீசலும் அதைப் போன்ற வீட்டுச் சூடேற்று எண்ணெயும் அவ்வளவு எளிதில் பற்றாது என்றாலும், இரும்பை வெட்டும் கட்டிங் டார்ச்சின் சூட்டில் ஒட்டியிருக்கும் கசடே ஆவியாகி வெடிக்கும். ஆவியை வெளியேற்றி, ஆவி மிச்சமிருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும்.

டேங்க்கை எடுத்துவிட்டு, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் நிரப்பும் குழாயை அப்படியே விடுவது இன்னொரு தவறு. சிறியதுதான், ஆனால் கொடுமையானது. முகவரி மாறி வந்த எண்ணெய் லாரிக்காரர் அதில் ஹோஸை மாட்ட, நிலவறை முழுக்க எண்ணெய் நிரம்பிய வீடுகள் உண்டு. குழாயையும் சேர்த்துக் கழற்றச் சொல்லுங்கள்.

புதைத்த டேங்க்கை எடுக்காமல், உள்ளே மணலோ ஃபோமோ நிரப்பி அங்கேயே விட்டுவிடுவது மலிவு. சில இடங்களில் சட்டமும் அதை அனுமதிக்கிறது. ஆனால் வீட்டை விற்கும்போது வாங்குபவர் அடிமண்ணைப் பற்றித்தான் கேட்பார். அதனால் மண் பரிசோதனை முடிவு, கழிவு ஒப்படைத்த ரசீது, குழியின் புகைப்படங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.